வலிக்கும் மூச்சுக்கும் ஒரே பூட்டு

1930களின் பிற்பகுதி. ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் ஆய்வகத்தில் ஓட்டோ ஷௌமன் என்ற மருந்தியலாளர், ஊசி போட்ட ஒரு சுண்டெலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வால் விறைத்து, முதுகுக்கு மேலே வளைந்து, 'எஸ்' எழுத்தைப் போல நின்றது. ஊசியில் ஏற்றியிருந்தது வலிமருந்து இல்லை. குடல் பிடிப்பைத் தளர்த்த ஏதாவது கிடைக்குமா என்று, அட்ரோபின் என்ற பழைய மருந்தை மனதில் வைத்து ஓட்டோ ஐஸ்லெப் என்ற வேதியியலாளர் செய்து கொடுத்த பொருள் அது. ஆனால் மார்ஃபின் கொடுத்த சுண்டெலிக்கு வால் இப்படித்தான் நிற்கும் என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 'ஸ்ட்ரௌப் வால்' என்று அதற்குப் பெயரே உண்டு. குடலுக்கென்று செய்த மருந்து மார்ஃபினின் வேலையைப் பார்க்கிறது என்று வால் காட்டிக்கொடுத்துவிட்டது. 1939இல் வெளிவந்த பெத்திடின் அதுதான். பிரசவ வார்டில் இருந்துவந்த பலருக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும்.

பெத்திடினின் முக்கியத்துவம் அதன் எளிமையில் இருக்கிறது. மார்ஃபின் மூலக்கூறில் ஐந்து வளையங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதை ஆய்வகத்தில் அடியிலிருந்து கட்டி முடிக்க 1952 வரை ஆயிற்று. பெத்திடினில் இரண்டே வளையம். அபின் ஒரு துளிகூட வேண்டாம். அதுவரை மார்ஃபினையே வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த வேதியியலாளர்களுக்கு, எதையும் கட்டிப் பார்க்கலாம் என்ற தைரியம் அன்று வந்தது. கூடவே ஒரு பழைய ஆசையும் புது வேகம் பிடித்தது: வலியை மட்டும் போக்க வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது, ஆளை அடிமையாக்கக் கூடாது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக மருந்து வேதியியல் இந்த ஆசையைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் 'இதோ பிடித்துவிட்டோம்' என்ற செய்தி வரும். சில ஆண்டு கழித்து இன்னொரு ஆய்வகத்திலிருந்து 'இல்லை' என்ற செய்தி வரும். இப்படி ஏன் நடக்கிறது என்பதற்கான விடை, பெரும்பாலும், சோதனை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

ஆசை பெத்திடினுக்கும் மூத்தது. அபினிலிருந்து மார்ஃபினை 1804-05 வாக்கில் முதலில் பிரித்தெடுத்தவர் ஃப்ரீட்ரிக் செர்ட்யூர்னர். பாடர்போர்ன் நகரத்தில் மருந்துக்கடை உதவியாளராக இருந்த, இருபதைத் தாண்டிய இளைஞர். (நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா அதே செடியின் விதைதான். அதன் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் அபின். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பெட்டியில் கசகசா வைக்காதீர்கள் என்று எச்சரிப்பது இதனால்தான்.) 1898இல் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாக, மார்ஃபினைவிட நல்லது என்று சொல்லி விற்றது. உடம்புக்குள் போனதும் ஹெராயின் மார்ஃபினாகவே மாறிவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. 1929இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. வர்ஜீனியாவில் லிண்டன் ஸ்மால் மூலக்கூறுகளைச் செய்வார், மிச்சிகனில் நேதன் எட்டி விலங்குகளில் சோதிப்பார். அந்த முயற்சியில் பிறந்த டெசோமார்ஃபின் மார்ஃபினைவிட வீரியமாக இருந்தது. ஆளைப் பிடித்துக்கொள்வதிலும் அது பின்தங்கவில்லை. முக்கால் நூற்றாண்டு கழித்து ரஷ்யத் தெருக்களில் 'குரோக்கடில்' என்ற பெயரில் மனிதர்களின் கை கால்களை அழுக வைத்தது இந்தப் பொருளின் அரைகுறைத் தயாரிப்புதான்.

சரி, வலி நிவாரணத்தையும் தொல்லைகளையும் ஏன் பிரிக்க முடியவில்லை? 1973இல் மூன்று ஆய்வகங்கள், பால்டிமோர், நியூயார்க், உப்சாலா ஆகிய ஊர்களில், மூளையில் ஓப்பியாய்டுகள், அதாவது மார்ஃபினும் அதைப் போல வேலை செய்யும் பொருள்களும், போய் ஒட்டும் ஏற்பிகள் இருப்பதைக் காட்டின. செடியில் இருக்கும் ஒரு பொருளுக்கு நம் மூளையில் எதற்குப் பூட்டு? உடம்பே ஒரு சாவி செய்துகொள்கிறது என்பதுதான் பதில். 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் என்கெஃபலின்களைக் கண்டுபிடித்தார்கள். கோஸ்டர்லிட்ஸின் பிரியமான கருவி கினிப் பன்றியின் சிறுகுடல் துண்டு. உப்புக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரத்தால் தட்டினால் அது துடிக்கும். மார்ஃபின் ஒரு சொட்டு விட்டால் துடிப்பு அடங்கும். பல ஆண்டுகள் புது ஓப்பியாய்டுகளை இப்படித்தான் அளந்தார்கள். மார்ஃபின் சாப்பிடுகிறவர்களுக்கு மலச்சிக்கல் ஏன் வருகிறது என்பதும் அந்தத் துண்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏற்பிகள் ஒரு வகை மட்டும் இல்லை: மியூ, டெல்டா, கப்பா என்று மூன்று. ஒருவேளை ஒன்று வலிக்கு, இன்னொன்று மூச்சுக்கு என்று பிரிந்திருக்குமோ என்று கொஞ்ச காலம் நம்பிக்கை இருந்தது. 1996இல் ஃப்ரான்சில் பிரிஜித் கீஃபரின் குழு மியூ ஏற்பியே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கி மார்ஃபின் கொடுத்தது. வெறும் தண்ணீர் கொடுத்தாற்போல இருந்தது. வலி குறையவில்லை, மார்ஃபின் கொடுத்த இடத்தைத் தேடிப் போகும் ஆசையும் வரவில்லை, நிறுத்தியதும் வரும் நடுக்கமும் இல்லை. நல்லதும் கெட்டதும் ஒரே பூட்டைத் திறந்துதான் வருகின்றன என்பது அன்று உறுதியாயிற்று.

மூச்சின் கதையும் அதே பூட்டில்தான். மூளைத்தண்டில் 'முன்-பாட்ஸிங்கர் தொகுதி' என்று ஒரு சிறு நரம்புக் கூட்டம் மூச்சின் தாளத்தைப் போடுகிறது. (பக்கத்திலிருக்கும் பாட்ஸிங்கர் தொகுதிக்கு ஒரு மாநாட்டு விருந்தில் மேசையில் இருந்த ஒயின் பாட்டிலைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், விஞ்ஞானிகளும் மனிதர்கள்தானே.) அங்கேயும் மியூ ஏற்பிகள் நிறைய. இரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் 'இன்னும் வேகமாக இழு' என்று மூளை ஆணையிட வேண்டும். ஓப்பியாய்டு அந்த ஆணையின் குரலை அமுக்கிவிடுகிறது. அளவு மிஞ்சியவர் மூச்சுத் திணறித் துடிப்பதில்லை. மூச்சு விடவேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் தூங்கிப்போகிறார்.

இந்த இடத்தில் பெல்ஜியத்தின் பால் யான்சனைப் பார்த்தாக வேண்டும். பெத்திடினின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு, அதைக் கொழுப்பில் இன்னும் நன்றாகக் கரையும்படி மாற்றினால் மூளைக்குள் சட்டென்று நுழையும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியாகவே இருந்தது. 1960இல் வந்த ஃபெண்டனில் மார்ஃபினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வீரியம். நிமிடங்களில் வேலை செய்து சீக்கிரம் விலகும் என்பதால் இதய அறுவை சிகிச்சைக்கே அது ஒரு வரமாயிற்று. யான்சன் வேதியியலாளர் மட்டுமல்ல, எதையும் எண்ணால் அளந்து பார்க்கும் ஆள். எலிகளில், சாகடிக்கும் அளவை வலி போக்கும் அளவால் வகுத்து ஒரு பாதுகாப்பு எண் போட்டார்கள். பெத்திடினுக்கு 5க்கும் குறைவு. மார்ஃபினுக்கு 70 வாக்கில். ஃபெண்டனிலுக்கு 277. பின்னால் வந்த சூஃபெண்டனிலுக்கு 25,000க்கு மேல்.

இந்த எண்களைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் ஃபெண்டனில் மார்ஃபினைவிட நான்கு மடங்கு பாதுகாப்பானது! அமெரிக்காவில் 2021 முதல் 2023 வரை ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் போதைப்பொருள் அளவு மிஞ்சிச் செத்தார்கள். அதில் பெரும்பங்கு ஃபெண்டனிலும் அதன் உறவுகளும். யான்சனின் எண் பொய்யா? இல்லை. மைக்ரோகிராமை அளக்கத் தெரிந்த மயக்க மருத்துவர் கையில், ஆக்சிஜன் குழாய் பக்கத்தில் இருக்க, அந்த எண் உண்மைதான். ஒரு கிராமை மில்லியன் பங்காகப் பிரிக்கும் தராசு தெருவில் யாரிடம் இருக்கிறது? அந்த எண் சாவைத்தான் எண்ணியது. மூச்சு எப்போது தடுமாறத் தொடங்கியது என்பதை அது எண்ணவே இல்லை.

அதே யான்சன் ஆய்வகத்திலிருந்து, 1969இல் லோப்பராமைடு வந்தது. வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அதே சின்ன மாத்திரை. அதுவும் மியூ ஏற்பியில் ஒட்டும் ஓப்பியாய்டுதான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. குடலில் இருக்கும் பூட்டைத் திறக்கிறது. மூளையின் வாசலில் நிற்கும் ஒரு புரதப் பம்பு அதை உள்ளே விடாமல் வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் வலியும் போகாது, போதையும் வராது, மூச்சும் அடங்காது. சாவியை மாற்றாமல் அது போகும் இடத்தை மட்டும் மாற்றினாலே இவ்வளவு வித்தியாசம். இந்தத் துறை செய்தவற்றில் மிக அழகான வேலை இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் மூளைக்குள் போகாத மருந்தால் எலும்பு முறிந்தவரின் வலியை என்ன செய்ய முடியும்?

புதிதாக ஒரு மூலக்கூறு செய்தால் அதை எப்படிச் சோதிக்கிறார்கள்? முதலில் தட்டில் வளர்த்த செல்கள். மியூ ஏற்பியை அந்தச் செல்களுக்குள் புகுத்திவைத்து, மூலக்கூறு எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது, ஒட்டிய பின் உள்ளே எவ்வளவு சமிக்ஞை எழுப்புகிறது என்று அளப்பார்கள். ஒட்டுவது வேறு, எழுப்புவது வேறு. நலாக்சோன் என்ற முறிவு மருந்து நன்றாக ஒட்டும், எதையும் எழுப்பாது. அதனால்தான் அளவு மிஞ்சியவருக்கு அதைக் கொடுத்தால் பூட்டிலிருந்த சாவியைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொள்கிறது. ஆள் எழுந்து உட்காருகிறார்.

அப்புறம் சுண்டெலி. 52 முதல் 55 டிகிரி சூட்டில் ஒரு தட்டு. அதன் மேல் சுண்டெலியை விட்டுக் கடிகாரத்தைத் தட்டுவார்கள். சூடு உறைத்ததும் அது பின்னங்காலை நக்கும் அல்லது துள்ளும். அந்த நொடிவரை எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. வலி உணராத சுண்டெலி நின்றுகொண்டே பாதம் வெந்துபோய்விடக் கூடாது என்பதால், குறிப்பிட்ட நேரம் கடந்தால் துள்ளாவிட்டாலும் எடுத்துவிட வேண்டும். இன்னொரு சோதனையில் வாலில் வெப்ப ஒளியை அடிப்பார்கள். வாலை எப்போது சுண்டுகிறது என்று பார்ப்பார்கள். இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் வாலைச் சுண்டுவது தண்டுவடமே முடிவு செய்யும் அனிச்சை வேலை. பாதத்தை நக்குவதற்கு மூளை வேண்டும். எந்தச் சோதனையில் பாஸ், எந்தச் சோதனையில் ஃபெயில் என்பதே ஒரு மருந்தைப் பற்றிப் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

மூச்சை அளக்க, சுண்டெலியை மூடிய ஒரு பெட்டிக்குள் நடமாட விடுவார்கள். அது இழுத்து விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் பெட்டியின் காற்றழுத்தம் இம்மி ஏறி இறங்கும். பதற்றமான சுண்டெலி முகர்ந்து முகர்ந்து தாறுமாறாக மூச்சுவிடும் என்பதால், சில ஆய்வகங்கள் காற்றில் 5 சதவீதம் கரியமில வாயுவைக் கலந்துவிடுகின்றன. மூச்சு சீராக, வேகமாக ஓடும். மருந்து அதைக் குறைத்தால் தெளிவாகத் தெரியும். இதெல்லாம் சில்லறை விவரம் போலத் தோன்றலாம். அடுத்து வரும் கதையில் இந்தச் சில்லறையைத்தான் எண்ண வேண்டியிருக்கும்.

1999இல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் லாரா போன் என்ற ஆய்வாளர், பீட்டா-அரெஸ்டின்-2 என்ற புரதம் இல்லாத சுண்டெலிகளுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார். ஏற்பி திறந்ததும் உள்ளே இரண்டு பேர் வருகிறார்கள். ஜி புரதம் சமிக்ஞையை எடுத்துக்கொண்டு ஓடும். அரெஸ்டின் வந்து 'போதும்' என்று ஏற்பியை அடக்கும். அடக்குகிறவர் இல்லாத சுண்டெலிகளுக்கு வலி நிவாரணம் கூடுதலாகவும் நீண்ட நேரமும் கிடைத்தது. அது எதிர்பார்த்ததுதான். 2005இல் வந்த தொடர் ஆய்வுதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது: அந்தச் சுண்டெலிகளில் மூச்சு அடங்குவதும் மலச்சிக்கலும் குறைவு என்றது அது. அப்படியானால் வலி நிவாரணம் ஜி புரதத்தின் வழி, தொல்லைகள் அரெஸ்டினின் வழி. பூட்டு ஒன்றுதான், ஆனால் திறந்த பின் உள்ளே இரண்டு நடைகள். ஒரு நடைக்கு மட்டும் கதவைத் திறக்கும் சாவி செய்தால் போதும்!

எவ்வளவு வசீகரமான யோசனை பாருங்கள். நிறுவனங்கள் முளைத்தன. ட்ரெவேனா என்ற நிறுவனம் டிஆர்வி130 என்ற மூலக்கூறைச் செய்தது. பின்னால் ஒலிசெரிடின் என்று பெயர் பெற்றது. 2012இல் மியூ ஏற்பியின் படிக வடிவம் வெளியானது. வாய் அகன்ற, சாவி எளிதில் போய்வரும் ஒரு குழி. அந்தக் குழியைக் கணினியில் வைத்துக்கொண்டு, 30 லட்சத்துக்கும் அதிகமான மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தது ஒரு கூட்டுக் குழு. முதல் 2,500ஐ மனிதக் கண்ணால் பார்த்து, 23ஐத் தேர்ந்தெடுத்துச் சோதித்ததில் 7 ஒட்டின. அவற்றில் ஒன்றைச் செதுக்கிச் செதுக்கி வந்ததுதான் பிஸெட்எம்21. 2016இல் 'நேச்சர்' இதழில் வந்தபோது உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. சூட்டுத் தட்டில் பாஸ், வால் சோதனையில் வேலை செய்யவில்லை, மூச்சில் பெரிதாகக் கைவைக்கவில்லை என்றது அந்தக் கட்டுரை.

இரண்டே ஆண்டு. 2018இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு, மூச்சுப் பெட்டியில் 5 சதவீதக் கரியமில வாயுவோடு பிஸெட்எம்21ஐச் சோதித்தது. மூச்சு அடங்கியது, மார்ஃபினைப் போலவே. அதோடு, தொடர்ந்து கொடுத்தால் வலி நிவாரணம் மங்கவும் செய்தது. 2020இல் ஜெர்மனி, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து ஆய்வகங்கள் சேர்ந்து, கதையின் அடித்தளத்துக்கே திரும்பிப் போயின. பீட்டா-அரெஸ்டின்-2 இல்லாத சுண்டெலிகளுக்கு மறுபடி மார்ஃபின் கொடுத்து மூச்சை அளந்தார்கள். சாதாரண சுண்டெலியைப் போலவேதான் அவற்றுக்கும் மூச்சு அடங்கியது. எந்தத் தூணின் மேல் பதினைந்து ஆண்டுகள் கட்டடம் எழுப்பினார்களோ, அந்தத் தூணையே காணோம்.

அப்படியென்றால் ஒலிசெரிடினும் பிஸெட்எம்21உம் செல் சோதனையில் ஒரே நடைக்குக் கதவைத் திறந்ததாகத் தெரிந்தது எப்படி? இதற்கு விடை கிடைத்ததும் 2020இல்தான். கோவில் திருவிழாவின் மைக் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முன்னால் ஒருவர் கத்தினாலும் முணுமுணுத்தாலும் ஊருக்கே கேட்கும். ஒலிபெருக்கி வித்தியாசத்தை விழுங்கிவிடும். அதே முணுமுணுப்பை மைக் இல்லாமல் பத்தடி தள்ளி நின்று கேட்டால் ஒன்றும் காதில் விழாது. ஜி புரதத்தின் சமிக்ஞை, ஆய்வகச் செல்லில் மைக் செட் வழியாகப் பெருகி வருகிறது. அரெஸ்டின் வருகைக்கு மைக் கிடையாது. ஏற்பி எவ்வளவு தள்ளப்பட்டதோ அவ்வளவுதான். ஆக, பலவீனமாகத் தள்ளும் எந்த மருந்தும் ஜி புரத மானியில் வலுவாகவும் அரெஸ்டின் மானியில் பூஜ்யமாகவும் தெரியும். ஒலிசெரிடின், பிஸெட்எம்21 போன்றவை மெல்லத் தள்ளுகிற மருந்துகள். பாதி திறந்த கதவை ஒருபக்கக் கதவு என்று நினைத்துவிட்டார்கள்.

மெல்லத் தள்ளுவதில் நன்மை இல்லாமல் இல்லை. பலவீனமான சாவி, எவ்வளவு கொட்டினாலும் ஒரு எல்லைக்கு மேல் கதவைத் திறக்காது. இதற்குப் பெரிய உதாரணம் 1960களில் இங்கிலாந்தின் ரெக்கிட் நிறுவனத்தில் பிறந்த புப்ரெனார்ஃபின். நெதர்லாந்தின் லெய்டனில் ஆல்பர்ட் டாஹன் குழு மனிதர்களிலேயே இதை அளந்தது: ஃபெண்டனில் அளவை ஏற்றிக்கொண்டே போனால் மூச்சு நின்றே போகும் நிலை வந்தது, புப்ரெனார்ஃபினில் பாதி வரை குறைந்து அங்கேயே நின்றுவிட்டது. ஓப்பியாய்டு அடிமைத்தனத்துக்கு இன்று உலகம் முழுவதும் கொடுக்கும் மருந்தாக அது ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். 21ஆம் நூற்றாண்டின் கணினி, கோடிக்கணக்கில் செலவழித்து, 1960களில் ஏற்கெனவே இருந்த குணத்தையே திரும்பக் கண்டுபிடித்தது என்று சொன்னால் அந்த ஆய்வாளர்களுக்குக் கோபம் வரலாம். எனக்கு அப்படித்தான் படுகிறது.

இனி மனிதர்கள். ஒலிசெரிடினின் முதல் கட்டச் சோதனையில், ஆரோக்கியமான ஆண்கள் கையைக் குளிர்ந்த நீரில் முக்கிவைத்து எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். கரியமில வாயு கலந்த காற்றைக் கொடுத்து மூச்சை அளந்தார்கள். மார்ஃபினைவிட நன்றாகவே வந்தது. ஆனால் குளிர்ந்த நீரில் கை வைத்தவர் வெளியே எடுத்தால் வலி போய்விடும். நிஜ வலி வேண்டும். அதற்கு இந்தத் துறை வழக்கமாகத் தேடிப் போவது இரண்டு அறுவை சிகிச்சைகளை: கால் பெருவிரல் மூட்டில் புடைத்த எலும்பைச் செதுக்குவது, தொந்தியைக் குறைப்பது. ஏன் இவை? வருகிறவர்கள் மற்றபடி நல்ல உடல்நிலையில் இருப்பார்கள். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே இடத்தில் ஒரே மாதிரி வெட்டு. ஒன்று எலும்பு வலி, இன்னொன்று தோலும் சதையுமான மென்திசு வலி. மயக்கம் தெளிந்ததும் 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று கேட்கத் தொடங்கி, 24 அல்லது 48 மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்து கூட்டிப் பார்ப்பார்கள். கையில் ஒரு பொத்தான். வலித்தால் நோயாளியே அழுத்தி ஒரு சிறு அளவை ஏற்றிக்கொள்ளலாம்.

எலும்பு அறுவைச் சோதனையில் ஒலிசெரிடினை மூன்று அளவுகளில் கொடுத்தார்கள். மிகச் சிறிய அளவில் மூச்சுத் தொந்தரவு குறைவு, வலி நிவாரணமும் குறைவு. அளவை ஏற்ற ஏற்ற நிவாரணம் மார்ஃபினை நெருங்கியது. மூச்சுத் தொந்தரவும் கூடவே ஏறியது. மார்ஃபினைவிடப் பாதுகாப்பு என்று புள்ளியியல் சொல்லும்படி இடைவெளி கிடைக்கவில்லை. எந்தப் புது வலிமருந்தைப் பற்றிய செய்தியைப் படித்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது: எந்த அளவோடு எந்த அளவை ஒப்பிட்டார்கள்? வலி சமமாகக் குறைந்த இடத்தில் மூச்சு எப்படி இருந்தது? குறைவாகக் கொடுத்தால் எந்த மருந்தும் பாதுகாப்பானதுதான்.

2018 அக்டோபரில், மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு ஒலிசெரிடின் மீது வாக்களித்தது. ஒப்புதல் வேண்டாம் என்று 8 பேர், வேண்டும் என்று 7 பேர். எஃப்டிஏ அப்போது மறுத்தது. இதயத் துடிப்பின் மின் இடைவெளியை மருந்து நீட்டுகிறதா என்று கூடுதல் தகவல் கேட்டது. 2020 ஆகஸ்டில் ஒப்புதல் வந்தது, மருத்துவமனையில் ஊசியாக மட்டும், ஒரு நாளைக்கு 27 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற வரம்போடு. கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்துகளின் பட்டியலில், மார்ஃபினும் ஃபெண்டனிலும் இருக்கும் அதே இரண்டாம் அட்டவணையில் அதற்கும் இடம். மருந்தின் விவரத் தாளில் கட்டம் கட்டிய எச்சரிக்கையும் அதேதான்: அடிமையாதல், உயிருக்கு ஆபத்தான மூச்சடக்கம்.

அடிமையாக்குமா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. வெளியில் அதிகம் பேசப்படாதது. 1935 முதல் கென்டக்கியின் லெக்சிங்டனில், போதைக்கு அடிமையாகிச் சிறைப்பட்டவர்களிடம் புது மருந்துகளை ஏற்றிப் பார்த்தார்கள்; கைதியின் சம்மதம் சம்மதமாகுமா என்ற கேள்வி வலுத்து 1970களின் நடுவில் அது நின்றது. இப்போது, அடிமையாகாமல் எப்போதாவது பயன்படுத்துகிற தன்னார்வலர்களுக்குப் புது மருந்தையும் மார்ஃபினையும் வெற்று மருந்தையும் எது எதுவென்று சொல்லாமல் கொடுத்து, 'இந்த நிமிடம் இது பிடித்திருக்கிறதா?' என்று 0 முதல் 100 வரை ஒரு கோட்டில் குறிக்கச் சொல்கிறார்கள். 50 என்றால் பிடித்ததும் இல்லை, பிடிக்காததும் இல்லை. ஒரு மருந்தின் எதிர்காலம் அந்தக் கோட்டில் விழும் புள்ளியைப் பொறுத்தது.

சோதனையில் தப்பியதும் தெருவில் சிக்கும் மருந்துகளும் உண்டு. டிரமடால் 1962இல் ஜெர்மனியின் க்ருனென்தால் நிறுவனத்தில் பிறந்தது. பலவீனமான, பயமில்லாத ஓப்பியாய்டு என்று பெயர் வாங்கிப் பல நாடுகளில் சாதாரண மாத்திரை போலப் புழங்கியது. ஆனால் அது கல்லீரலில் மாறிய பின்தான் மியூ ஏற்பியில் வலுவாக ஒட்டுகிறது. அந்த மாற்றத்தைச் சிலர் உடம்பு மிக வேகமாகச் செய்துவிடும். ஒரே மாத்திரை ஒருவருக்கு ஒன்றுமில்லை, இன்னொருவருக்கு அதிகம். இந்தியா 2018இல்தான் அதைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. நைட்டசீன்கள் என்ற ஓப்பியாய்டு வகையின் கதை இன்னும் விசித்திரம். 1950களின் பிற்பாதியில் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனம் செய்து பார்த்து, வீரியமும் மூச்சடக்கமும் மிரட்டியதால் அலமாரியில் வைத்துவிட்டது. ஒரு நாளும் மருந்தாக விற்கப்படவில்லை. 2019 வாக்கில், யாரோ பழைய இதழ்களைப் புரட்டியதன் பலனாக, அவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சாவுச் செய்திகளில் தலைகாட்டத் தொடங்கின.

வேறு வழிகளும் முயலப்படுகின்றன. பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் கிறிஸ்டோஃப் ஸ்டெயின் ஒரு எளிய விஷயத்தைக் கவனித்தார்: அடிபட்டு வீங்கிய இடம் கொஞ்சம் அமிலமாக இருக்கும். அமிலத்தில் மட்டும் ஏற்பியில் ஒட்டும்படி ஃபெண்டனிலை மாற்றினால், அது வீக்கத்தில் வேலை செய்யும், மூளைத்தண்டில் சும்மா இருக்கும். 2017இல் அவர் குழு எலிகளில் இதைக் காட்டியது. லோப்பராமைடின் அதே தந்திரம்தான்: சாவியை விட்டுவிட்டு இடத்தை மாற்றுவது. எனக்கு நம்பிக்கை இருப்பது இந்தத் திசையில்.

இன்னொரு கூட்டம் மியூ பூட்டையே விட்டு வெளியேறிவிட்டது. வடக்குப் பாகிஸ்தானில் கையில் கத்தியைச் செருகி, தீக்கங்கில் நடந்து வித்தை காட்டிய ஒரு சிறுவனின் உறவுக் குடும்பங்களை ஆராய்ந்து, வலி நரம்பின் ஒரு சோடியம் வாயில் கெட்டால் வலியே தெரியாது என்று 2006இல் கண்டார்கள். (பதினான்கு வயது நிறையும் முன்பே அந்தச் சிறுவன் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். வலி இல்லாதவனுக்குப் பயமும் இல்லை.) அந்த வாயிலை அடைக்கும் மருந்துகள் ஏமாற்றின. அதன் தம்பி வாயிலை அடைக்கும் சுசெட்ரிஜின் 2025 ஜனவரியில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. அதையும் பெருவிரல் எலும்பிலும் தொந்தியிலும்தான் சோதித்தார்கள். மூச்சைத் தொடாது, போதை தராது. வெற்று மருந்தை வென்றது. ஹைட்ரோகோடோனும் பாராசிட்டமாலும் கலந்த பழைய ஓப்பியாய்டு மாத்திரையை வெல்லவில்லை.

அதனால் பெரிய அறுவை சிகிச்சைக்குப் படுப்பவருக்கு இன்றைக்கும் ஏறுவது பெரும்பாலும் 1960இன் ஃபெண்டனில்தான். முடிந்து வெளியே கொண்டுவந்து படுக்க வைத்தபின், விரல் நுனியில் ஆக்சிஜன் மானி மாட்டியிருந்தாலும், ஒரு செவிலியர் வந்து நின்று, போர்வைக்குக் கீழே மார்பு ஏறி இறங்குவதைக் கைக்கடிகாரத்தோடு எண்ணி, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று அட்டையில் எழுதிவிட்டுத்தான் அடுத்த படுக்கைக்குப் போகிறார்.